சாம்பல் நிறக் கப்பற்படை

வேண்டாமுங்க தம்பி, மேல வைக்க வேண்டாம். பெட்டி மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் இப்பத்தான் அதைச் சொல்லிட்டுப் போறாரு, நீங்களும் அதையே சொல்றீங்க. சோத்துப் பாத்திரமா இருந்தா நானே மேல போட்டுட்டு ஒரு தூக்கம் போடுவேன். உள்ள இருக்கறது கப்பலுங்க. அவிநாசிக்கு முன்னால ரோடு வேலை நடக்குது. ஒரு குலுக்கல் போதும், பீரங்கி பூராவும் கொட்டிப் போயிரும். குண்டூசியை வெட்டிப் பண்ணுன பீரங்கி.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இருங்க, திறந்து காட்டறேன். அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கங்க, டிரைவரு பிரேக் போட்டா என் மேல விழுந்துறாதீங்க.

பாத்தீங்களா. ஒவ்வொண்ணும் விரல் நீளம்தான். கணபதியில எனக்கு லேத் பட்டறை. பேரு சென்னியப்பன். அச்சு வெட்டுனது நானு, ஈயம் ஊத்துனது நானு, அரத்துல ராவுனது நானு, பெயிண்ட் அடிச்சதும் நானே. முப்பது கப்பல். அந்த நிறத்தை மட்டும் நல்லாப் பாருங்க. சாம்பல்.

என்னங்க, பேச்சையே காணோம்? பரவால்லீங்க. முதல் தடவை பாக்கறவங்க எல்லாருமே அப்படித்தான், கொஞ்ச நேரம் வாயைத் திறக்க மாட்டாங்க. அந்தச் சாம்பல் அப்படிப்பட்ட சாம்பல்.

இந்தச் சாம்பலைத்தான் ஒருத்தரு திருடிட்டாரு. அவரு ஊருக்குத்தான் இப்பப் போறேன். வேற யாருமில்லீங்க, என் சகலை. பேரு திருமூர்த்தி. திருப்பூர்ல டையிங் மாஸ்டர். பனியன் துணிக்குச் சாயம் போடற எடத்துல அவரு வெச்சதுதான் சட்டம். வெளிநாட்டுக்காரன் ஒரு துணித்துண்டை அனுப்பி இதே நிறம் வேணும்பான். இவரு வெளிச்சத்துல ஒருக்கா பிடிச்சுப் பாத்துட்டு, இது இத்தனை அது இத்தனைன்னு கலவை சொல்லிப்போடுவாரு. மெஷின் அப்பறமா வந்து ஆமாங்கும். அப்படிப்பட்ட கண்ணு. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு என் நிறத்தைத் திருடியிருக்காரு பாருங்க.

முதல்ல இருந்து சொல்றேன். மாமனார் ஊட்டுல ஒரு தீபாவளி. ரெண்டு மருமகனும் நாற்காலியில உக்காந்திருக்கோம், பேச ஒண்ணுமில்லை. அவருக்குக் கிரிக்கெட்டு பிடிக்காது, எனக்கு அரசியல் பிடிக்காது. மாமனாரு வந்து எட்டிப் பாப்பாரு, ரெண்டு பேரும் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. சாப்பிட்டுட்டுத்தான் உக்காந்திருக்கோம். டீப்பாய் மேல ஒரு பழைய பத்திரிகை, அட்டையில போர்க்கப்பல் படம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அதுக்குக் கையை நீட்டுனோம். பொழுதோட எங்கூட்டுக்காரம்மாவும் கொழுந்தியாளும் முறுக்குத் தட்டோட வந்து பாத்தா, தரையில பாயை விரிச்சு, தீப்பெட்டியை வெச்சு அவரு என்னைச் சுட்டுட்டு இருக்காரு, நான் முழுகிட்டு இருக்கேன். தட்டை அங்கயே வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அப்பறம் அது பெரிசாயிருச்சு. பட்டறை மாடியில எட்டடி மேசை. மேல நீலத்துணி, அதான் கடல். நூத்தம்பது கிராம் ஈயத்துல ஒரு நாட்டோட மானமே மிதக்கும். அடிக்கோலை வெச்சு அளந்துதான் கப்பலை நகத்தணும். சுடறதுக்குப் பகடை. பகடை சொன்னா முழுகணும், அழுதாலும் முழுகணும். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா சகலை திருப்பூர்ல இருந்து பெட்டியைத் தூக்கிட்டு வந்துருவாரு. அப்பறம் நம்ம ஊர் ஆளுக நாலு பேரும் சேந்தாங்க. ஒருத்தர் பல் டாக்டரு, ஒருத்தர் பேக்கரி வெச்சிருக்காரு, அப்படி.

கடலை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்னு கேக்கறீங்களா? ராமேஸ்வரம் ஒருக்காப் போனேன். படகுல கால் வெச்சதும் வாந்தி. அதோட சரி. தளபதிக்கு அது ஒண்ணும் குறை இல்லீங்க.

நான் போட்ட சட்டம் ஒண்ணு இருக்குது. பெயிண்ட் அடிக்காத கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிய வரப்படாது. இது விளையாட்டு இல்லை, மரியாதை. இன்னொண்ணும் இருக்குது, அது யாரும் போட்ட சட்டம் இல்லை. புதுசா பெயிண்ட் அடிச்சு, நெம்ப அழகா வந்துருச்சுன்னு பெருமைப்பட்டுக் கொண்டாந்து வைக்கற கப்பல் இருக்குதே, அதுதான் முதல்ல முழுகும். நீங்க இந்த ஆட்டம் ஆடறவன் எவனை வேணா கேட்டுப் பாருங்க, தலையில அடிச்சுக்கிட்டு ஆமாம்பான்.

சரி, சாம்பலுக்கு வர்றேன். இங்கிலீசு புத்தகம் ஒண்ணுல படிச்சேன், போர்க்கப்பலோட சாம்பல் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கணுமாம். கடையில டப்பாவுல விக்கற சாம்பல் செத்த சாம்பலுங்க. சவக்களை. அதுக்குச் சிவப்புக் கலக்கணும். ஒரு சொட்டு விட்டா ஒண்ணும் தெரியாது. இன்னொரு சொட்டு, தெரியாது. அங்கதான் மத்தவங்க விட்டுருவாங்க. நான் விட மாட்டேன். விட்டுட்டே இருப்பேன். இருட்டிக்கிட்டு வந்தா வெள்ளை. மறுபடியும் சிவப்பு. அரை டப்பாவுக்கு மேல போனதுக்கப்பறம் லேசா ஒரு உயிர் வரும் பாருங்க, அப்ப நிறுத்தணும். அதுக்குப் பொறுமை வேணும், கண்ணு வேணும்.

முதல் முதலா அந்தப் படையை அடிச்சு முடிச்சு மேசையில நிறுத்துனேன். அஞ்சு பேரும் வந்து நின்னாங்க. சத்தமே இல்லை. பல் டாக்டரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. சகலை அவரு தோள்ல கையைப் போட்டு, "வாங்க டாக்டர், ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம், எல்லாரும் வாங்க"ன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. என்னைக் கூப்பிடலை. "அண்ணா, நீங்க கப்பலைப் பாத்துக்கங்க, பூனை ஏறிரும்"ன்னாரு. பூனையே எங்க பட்டறையில கிடையாது.

டீ குடிச்சுட்டு வந்தாங்க. வந்து ஒவ்வொருத்தரா, "அருமையான சாம்பலுங்க, சென்னியப்பண்ணா"ன்னாங்க. பேக்கரிக்காரரு இன்னும் ஒரு படி மேல, "இந்த மாதிரிச் சாம்பலை நான் பாத்ததே இல்லை"ன்னாரு.

அன்னிக்கிருந்து அது ஒரு வழக்கமாவே போச்சுங்க. புதுசா யாராச்சும் ஆட்டம் பாக்க வர்றாங்கன்னா, சகலை படியில எறங்கிப் போயி வழியிலயே நிறுத்தி டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. வெடியால பத்து மணிக்கு ஒரு ஆளு வந்தாலும் டீ, உச்சி வெயில்ல வந்தாலும் டீ. டீப்பைத்தியமுங்க அவரு. அதுவும் இல்லாம என்னைப் பத்தி அங்க ஏதோ கதை பேசறாருன்னும் எனக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் திரும்பி வர்றவங்க மரியாதையாத்தான் வருவாங்க. அதனால விட்டுட்டேன்.

எங்கூட்டுக்காரம்மா ஒருத்திதான் மாடிக்கே வர மாட்டா. அவளுக்கு நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு ஒரு முடிவு. தக்காளி வாங்கக் கூட என்னை அனுப்ப மாட்டா, காயும் பழமும் கலந்து வாங்கிட்டு வந்துருவேனாம். சட்டையும் அவளேதான் எடுப்பா. நானும் சண்டைக்குப் போறதில்லை. பொம்பளைகளுக்கு எதுலயாச்சும் அதிகாரம் வேணுமில்லீங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன ஆடியில ஒரு சேதி வந்துச்சு. அவிநாசி ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல பொம்மை ரயில், பொம்மை விமானம், கப்பல் எல்லாத்துக்கும் சேத்துக் கண்காட்சி, மார்கழியில. பெயிண்ட் வேலைக்குப் போட்டியும் உண்டு. பெங்களூர்ல இருந்து நடுவர். நான் பேரைக் கொடுத்துட்டேன். சகலைகிட்டச் சொன்னேன். சந்தோசப்படுவாருன்னு பாத்தா, கையில இருந்த டீயைக் கீழ வெச்சுட்டாரு.

"வேண்டாங்கண்ணா. நம்ம மேசையிலயே இருக்கட்டும்"ன்னாரு.

"ஏன்?"

"வெளியாளுக. அவங்களுக்கு என்ன தெரியும்."

"தெரிஞ்சவங்கதான் நடுவரா வர்றாங்க."

கொஞ்ச நேரம் கப்பலையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம், "அப்படின்னா ஒண்ணு பண்ணலாங்கண்ணா. மேல ஒரே ஒரு கோட்டு பெயிண்ட் நான் கலக்கித் தர்றேன். உங்க கைவேலை அப்படியே இருக்கும். நிறம் மட்டும் லேசா..."ன்னு இழுத்தாரு.

"நிறத்துல என்ன?"

சாயப்பட்டறையில முப்பது ஆளை வேலை வாங்கற மனுசன், என் முன்னால தரையைப் பாத்துட்டு நின்னாரு. "ஒண்ணுமில்லீங்கண்ணா"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சொல்லிட்டேன். "காலம் பூரா அடுத்தவன் அனுப்பற துண்டைப் பாத்து நிறம் போடறவருக்குச் சொந்தமா ஒரு நிறம் பிறக்காது. எனக்குப் பிறந்திருச்சு. அந்த வயித்தெரிச்சல்தான் உங்களுக்கு"ன்னேன். அவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. பெட்டியை மூடி எடுத்துட்டு எறங்கிட்டாரு. டீ அப்படியே இருந்துச்சு. அவரு டீயைக் குடிக்காம போனது அன்னிக்கு ஒரு நாளுதான்.

அதோட பேச்சு நின்னுது. அவரு வரலை, நான் கூப்பிடலை. அக்காளும் தங்கச்சியும் சமையக்கட்டுல நின்னு போன்ல குசுகுசுன்னு பேசிக்குவாங்க, நான் போனா புளிக்கொழம்பு பத்திப் பேசற மாதிரி மாத்திக்குவாங்க. கொழுந்தியா வீட்டுப் புது மாடி பால் காய்ச்சறதுக்குக் கூட நான் போகலை. முதுகுவலின்னு சொல்லச் சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை நெம்பப் பெரிய கிழமைங்க தம்பி. அன்னிக்கு வேலை இருக்கறவங்களுக்கு அது தெரியாது. நீலத்துணியை விரிச்சு, ரெண்டு பக்கமும் என் கப்பலையே நிறுத்தி, ரெண்டு பக்கத்துக்கும் நானே பகடை உருட்டுனேன். ஜெயிச்சேன். என்ன பிரயோசனம்? தோத்தவன் மூஞ்சி எதுக்க இருந்தாத்தானே ஜெயிச்ச மாதிரி இருக்கும். இந்தக் கை ரெண்டையும் என்ன பண்றதுன்னே தெரியலை.

மார்கழி வந்துச்சு. கண்காட்சிக்குப் போனேன். எனக்குச் செவுத்தோரமா ஒரு மேசை கொடுத்திருந்தாங்க. படையை அடுக்கி நிறுத்திட்டு நிமிந்து பாத்தா, எதுத்த மேசையில சகலை. என்னைப் பாக்காத மாதிரி மேசை மேல இருந்த துணியை எடுக்கறாரு. தம்பி, அவரு கப்பல் எப்பவும் நல்ல இருட்டு நிறமா இருக்கும், நீலக்கரியில நனைச்ச மாதிரி. அன்னிக்கு அத்தனையும் வெளுப்பா, என் கப்பல் மாதிரியே நிக்குது. நான் என் கப்பல் ஒண்ணைக் கொண்டு போயிப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. கிட்ட வந்து பாத்தவங்க எல்லாரும் ரெண்டும் ஒரே நிறம்னுதான் சொன்னாங்க. பழைய பெயிண்டைப் பூராவும் சொரண்டி எடுத்துட்டு, ஒவ்வொண்ணுக்கும் என் சாம்பலை அடிச்சிருக்காரு.

என் மேசைக்குத் திரும்பி வந்து உக்காந்துட்டேன்.

காலேஜுப் புள்ளைக ரெண்டு வந்துச்சு. ஒரு புள்ளை என் கப்பலைப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு, பஞ்சுமிட்டாய்னு ஏதோ சொல்லுச்சு. மண்டபத்து வாசல்ல வித்துட்டு இருந்தான், அதுக்கு ஆசைப்பட்டுருச்சு போல. கூட வந்த புள்ளை, "ஏய், அங்கயும் பாரு, அதே மாதிரி"ன்னு எதுத்த மேசையைக் காட்டுச்சு. உடனே ரெண்டு புள்ளைகளும் சிரிப்பை நிறுத்திட்டு, பரீட்சைக்கு வந்த மாதிரி நின்னு பாக்க ஆரம்பிச்சுருச்சுக.

அப்பறம் நடுவர் வந்தாரு. பெங்களூர்க்காரரு, ஆனாத் தமிழ் நல்லாப் பேசுனாரு. என் மேசை முன்னால குனிஞ்சாரு. கண்ணாடியைக் கழட்டுனாரு, தொடைச்சாரு, மாட்டுனாரு. "இது..."ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள எதுத்த பக்கத்துல இருந்து சகலை குரல் கொடுக்கறாரு. "சார், அதோட எதிரிப்படை இங்க இருக்குதுங்க. ரெண்டையும் சேத்துப் பாக்கணும்"னு.

நடுவரு அங்க பாத்தாரு, இங்க பாத்தாரு. சகலை நடுவுல வந்து நின்னுக்கிட்டு விளக்கம் சொல்றாரு. உலகப் போர்ல நிஜமாவே சில கப்பலுக்கு இந்த மாதிரி நிறம் அடிச்சிருக்காங்களாம். வெடியற நேரத்துலயும் மசங்கற நேரத்துலயும் வானம் இதே நிறத்துல இருக்குமாம், கப்பல் அதுல கரைஞ்சு போயிருமாம். சொல்லிட்டு, "கலவை எங்க அண்ணன் கண்டுபிடிச்சதுங்க. நான் அதைப் பாத்து அடிச்சவன்"ன்னாரு. அத்தனை பேருக்கு முன்னால. திருடிட்டு ஒத்துக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணுமில்லீங்க.

நடுவர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, "நெம்பத் துணிச்சலான வேலை"ன்னாரு. சாம்பல் அடிக்கறதுக்கு என்னங்க துணிச்சல்? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பரிசைக் கொடுத்துட்டாங்க. ஒரு கேடயம். அதை நான் அவருகிட்டயே விட்டுட்டு, அவரு கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து கத்துனேன். முப்பது வருசப் பழக்கம், இப்படியா திருடுவாரு, பரிசுல பாதியையும் பிடுங்கிட்டாருன்னு. எங்கூட்டுக்காரம்மா காய் நறுக்கிட்டு இருந்தா. கூடையில இருந்து ரெண்டு தக்காளியை எடுத்து என் முன்னால வெச்சா.

"ஏனுங்க, இதுல பழம் எது?"

நான் கையை நீட்டுனேன். "அமுக்கிப் பாக்கப்படாது. கண்ணால பாத்துச் சொல்லுங்க"ன்னா.

ரெண்டும் தக்காளியாத்தான் இருந்துச்சு.

"இதுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?"ன்னேன்.

அவ கத்தியைக் கீழ வெச்சா. "அந்த மனுசன் ஒரு மாசமா உக்காந்து தன் கப்பலைப் பூராவும் சொரண்டி, உங்க நிறத்தையே அடிச்சிருக்காரு. சபையில நீங்க மட்டும் தனியா நிக்கக் கூடாதுன்னு. திருட்டாமா, திருட்டு"ன்னா. சொல்லிட்டு முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. வெங்காயம் அன்னிக்கு நறுக்கலீங்க. அதுக்கு மேல அவளும் சொல்லலை, நானும் கேக்கலை.

பட்டறைக்குப் போனேன். பெயிண்ட் அலமாரியைத் திறந்தேன். எனக்கு டப்பா மேல எழுதியிருக்கறது படிக்கத் தெரியுமுங்க. சாம்பல்னு எழுதுன டப்பா ஒண்ணே ஒண்ணு. தூக்கிப் பாத்தா முக்கால்வாசி அப்படியே கனக்குது. சிவப்புன்னு எழுதுனது காலி டப்பாவா ஒரு தட்டு நிறைய இருந்துச்சு. அதைப் பாத்துட்டே நின்னேன். சிவப்புக் கொஞ்சம் சாஸ்தியாத்தான் செலவாகியிருக்குதுன்னு நினைச்சேன். நினைச்சுட்டு, அலமாரியை மூடிட்டேன்.

மூடுனதுக்கு அப்பறம் அந்த டீயெல்லாம் ஒண்ணு ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. டாக்டருக்கு வாங்கிக் கொடுத்த டீ. பேக்கரிக்காரருக்கு. ஒருக்கா கரண்டு ரீடிங் எடுக்க வந்தவன் தெரியாம மாடிக்கு வந்துட்டான், அவனுக்குக் கூட ஒண்ணு. பெஞ்சுல உக்காந்து அழுதேனுங்க. லேத்து ஓடிட்டு இருந்துச்சு, பசங்களுக்குக் கேட்டிருக்காது.

நேத்து நான்தான் போன் பண்ணுனேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அங்க வரட்டுங்களா"ன்னேன். "வாங்கண்ணா"ன்னாரு. அப்பறம் அவரே, "ரெண்டு படையும் ஒரே நிறமா இருந்தா ஆட முடியாதுங்கண்ணா, நான் என்னுதைப் பழைய நிறத்துக்கே மாத்திடறேன்"ன்னாரு. வேண்டாம்னுட்டேன். அது அப்படியே இருக்கட்டும். என் கப்பல்ல பாருங்க, கொடிமரத்துல எல்லாம் வெள்ளை நூல் கட்டியிருக்கேன். வெள்ளை எனக்கு நல்லாத் தெரியுமுங்க. அது போதும் அடையாளத்துக்கு.

திருப்பூர் வந்துருச்சா. பெட்டியை மூடிக்கறேன். அந்தா, பழக்கடைப் பக்கத்துல வண்டி மேல உக்காந்திருக்காரு பாருங்க, குட்டையா, வழுக்கைத் தலை. என்ன நிறச் சட்டைன்னு கேக்காதீங்க, ஆளு அவருதான். நம்மளைப் பாத்துட்டாரு. நான் உங்களோட பேசிட்டு வந்ததையும், மடியில பெட்டி இருக்கறதையும் பாத்துட்டாரு.

ஒரு உதவி பண்ணுங்க தம்பி. நீங்க எறங்குனதும் நேரா உங்ககிட்ட வருவாரு. வாங்க, ஒரு டீ குடிக்கலாம்பாரு. மாட்டேன்னு சொல்லிறாதீங்க. போயி அவரு சொல்றதைக் கேட்டுட்டு, திரும்பி வந்து என்கிட்ட நல்ல சாம்பலுங்கன்னு சொல்லிட்டுப் போங்க. நான் இங்கயே கப்பலைப் பாத்துட்டு நிக்கறேன். ஒண்ணும் தெரியாதவனாட்டமே நிக்கறேன்.